கேள்வி கேட்காமல் கதவு திறக்காத அப்பா

அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது என்று உறவினர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நாலு பேர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று எங்களை வளர்த்தவர் அவர். அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் பாக்கியிருக்கிறது.

இந்த மலரில் என்னை எழுதச் சொன்னவர் போளூரில் இருக்கும் என் அக்கா. "நீ எழுதினா சிரிப்பாதான் எழுதுவே. நெனவு நாளு புஸ்தகம்டா, மானத்த வாங்காத" என்று எச்சரித்துவிட்டுத்தான் சொன்னார். அச்சகத்துக்குப் போகும்முன் தனக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அப்பாவுக்குப் பிறந்த பெண் வேறு எப்படி இருப்பார்? நான் மட்டும் என்ன ஒழுங்கு. சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், வருகிற மனுக்களையெல்லாம் சந்தேகப்படுவதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்கியவன். குடும்பத் தொழில்.

அப்பா பிறந்தது தேவிகாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. தாயும் தகப்பனாரும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் தூற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவும் மாடு ஓட்டினார், கிணறு தூர் வாரினார், கரும்பு வெட்டினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று வேலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு நடந்தே போனார். உயரம் சரி, ஓட்டம் சரி, எடை மட்டும் குறைவு. இரக்கப்பட்ட ஒரு அதிகாரி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து, தின்றுவிட்டு வந்து மறுபடி எடை பார்க்கச் சொன்னாராம். அப்பா அந்த அதிகாரியிடமே, "மொதல்ல நீங்க ஒண்ணு தின்னுங்க சார்" என்றாராம். இதை எங்களுக்குச் சொன்னது அம்மா. அம்மா கதை சொல்லும்போது கொஞ்சம் உப்பு சேர்ப்பார். ஆனால் அப்பாவை அறிந்த யாரும் இதில் உப்பு இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள்.

போரைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியதில்லை. எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தில் கிழக்கு எல்லையில் இருந்தார் என்பது தெரியும். எங்கே பார்த்தாலும் தண்ணீரும் நெல் வயலும், தெள்ளார்ப் பக்கம் ஏரி நிரம்பினால் எப்படி இருக்குமோ அப்படி என்பார். அதற்குமேல் கேட்டால், "ஏன், உனுக்கு இன்னாத்துக்கு?" என்று என்னை மேலும் கீழும் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் தங்கள் தகப்பனார் பற்றி அளக்கும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. நமது ஆள் நிஜமாகவே யுத்தத்துக்குப் போனாரா, இல்லை ராணுவச் சமையலறையில் சப்பாத்தி உருட்டினாரா என்று அந்த வயதில் நான் சந்தேகப்பட்டதுண்டு.

அம்மாவிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். காவலுக்கு நின்ற ஒருவர், வருகிறவர் குரல் பழகின குரல் மாதிரி இருக்கிறதே என்று கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார். அதனால் விடியும்போது அப்பாவின் கூட்டாளிகளில் சிலர் எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "சாப்புட்டியா?" என்று கேட்டுவிட்டு அப்பா வெளியே போய்விட்டாராம். எங்களுக்கு இதை அம்மா சொன்னதற்குப் பிறகு, வீட்டில் அவர் கேட்கிற கேள்விகளைக் கேலி செய்வதை நாங்கள் குறைத்துக்கொண்டோம். நிறுத்தவில்லை. குறைத்துக்கொண்டோம்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஆரணியில் குடியேறி, ஒரு பட்டுச் சேலைக் கிடங்கில் காவலுக்குச் சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரமே வெளியே கிளம்பிய முதலாளியை நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். "யோவ், இது என் கெடங்குய்யா!" என்றிருக்கிறார் முதலாளி. "இருக்கட்டுங்க. தொறங்க" என்றிருக்கிறார் அப்பா. முதலாளி திறந்து காட்டினார். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பனியனும். வேலை போய்விடும் என்று அம்மா பயந்தார். மாறாக, அன்றிலிருந்து முதலாளி குடும்பத்தோடு ஊருக்குப் போனால் வீட்டுச் சாவியும் அப்பாவிடம்தான்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி. கச்சாப் பட்டை எடை போட்டு வாங்கி, நெய்த சேலையை எடை போட்டுக் கொடுக்கிற தொழில். தராசு கொஞ்சம் அப்படி இப்படிச் சாய்ந்தால் நெசவாளியின் தலையில் விழும். தெருக்காரர்கள் அப்பாவிடம் வந்து, "மிலிட்டரிக்காரரே, சும்மா வந்து நில்லுங்க, போதும்" என்பார்கள். அப்பா போய் நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். தராசு முள்ளைப் பார்ப்பார், போடுகிறவர் முகத்தைப் பார்ப்பார், மறுபடி முள்ளைப் பார்ப்பார். அவர் நிற்கிற அன்றைக்குத் தராசுக்கு நல்ல புத்தி வந்துவிடும். சந்தேகத்தை ஒரு குணக்கேடு என்று நினைக்கிறவர்கள் எங்கள் தெருவில் வந்து விசாரித்துப் பார்க்கலாம்.

வீட்டிலும் காவல்தான். தினம் காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார். கத்திரிக்காய், ஜரிகை, பஞ்சாங்கம் என்று எதுவாகவும் இருக்கும். பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவர் கதவுக்கு வெளியே நின்று அதைச் சொன்னால்தான் தாழ்ப்பாள் நகரும். முகாமில் அப்படித்தானாம். அக்காவுக்கு ஒருநாளும் மறக்காது. எனக்கு ஒருநாளும் ஞாபகம் இருக்காது. எங்கள் தெருக் கொசுக்கள் எல்லாவற்றுக்கும் என்னைத் தனித்தனியாகத் தெரியும். அம்மா மட்டும் இந்தச் சட்டத்துக்கு அடங்கியதில்லை. "கதவ தொறக்கலன்னா சோறு கெடையாது. இதான் என் வார்த்த" என்பார். அந்த வார்த்தை எல்லா நாளும் செல்லுபடியாயிற்று.

அம்மா போன பிறகு அப்பா வார்த்தை சொல்வதை விட்டுவிட்டார். கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் சென்னையில், அக்கா போளூரில். அப்போதே அவரைச் சென்னைக்குக் கூப்பிட்டேன். "என்ன இந்த வூட்ட வுட்டு தூக்கறதுன்னா நாலு பேரு சேந்து தூக்கறப்பதான். அதுக்கு முன்னாடி எவனாவது தூக்கப் பாத்தா நடக்கறதே வேற" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் மல்லிகா, தினம் சாயங்காலம் அவருக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். அவர்மீது அப்பாவுக்கு என்ன நம்பிக்கை வந்ததோ, சந்தேகம் வந்ததோ, ஒரு நாள் மல்லிகாவிடம் வார்த்தை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இது எனக்குத் தெரியாது. சொல்லாமல் ஒரு சாயங்காலம் ஊருக்கு வந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தாம்பா."

"நான்தான்னு திருடனுந்தான் சொல்லுவான். இன்னிக்கி வார்த்த இன்னா?"

"எனுக்கு எப்பிடிப்பா தெரியும்? இப்பதான பஸ்ஸ வுட்டு எறங்கி வரேன்."

"அப்ப தெரிஞ்சவங்கள கூட்டிகினு வா."

தறிச் சத்தம் நின்றது. மல்லிகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணா, இன்னிக்கி பூசணிக்காண்ணா" என்று கிசுகிசுத்தார். நானும் வெற்றிக் களிப்போடு "பூசணிக்கா!" என்று கத்தினேன்.

உள்ளே தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது. பிறகு, "அது மல்லிகாவோட வார்த்த. உனுக்கு எவன் சொன்னான்? மாத்தியாச்சு, போ."

"அய்ய மாமா, உங்க புள்ளதான் மாமா! பேஜார் பண்ணாதீங்க. தொப்பைய பாத்துட்டுதான் சொல்றேன், ஊர்லயே இந்தத் தொப்பை ஒண்ணுதான்" என்று மல்லிகா ஜன்னலிலிருந்தே கத்தினார்.

கதவு திறந்தது. என் தொப்பைக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

நான் சாப்பிட்டு எழுவதற்குள் செய்தி போளூர் போய்விட்டது. "அப்பாவுக்கு உன்னையே தெரியலையாமேடா!" என்று அக்கா போனில் அழுதார். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார் என்றேன். "போன வாரம் என்ன அம்மா பேர சொல்லிக் கூப்புட்டாரு. சட்டைய திருப்பிப் போட்டுகினு கடத்தெருவுக்குப் போயிருக்காரு. அதுவும் வெளாட்டா?" என்றார் அக்கா. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். வேலூரில் ஞாபகசக்தி பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் காட்டுவது. மறதி இல்லை என்றால் அவர் இஷ்டம்போல் ஆரணியில் இருக்கட்டும். மறதி என்றால், அவர் என்ன சொன்னாலும் சரி, வீட்டைப் பூட்டிவிட்டு அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவது. ஞாபக டாக்டர் என்று சொன்னால் வர மாட்டாரே? கண் டாக்டர் என்று சொல்வதாக ஏற்பாடு. அக்கா யோசனை, என் வாய்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அமைதியாக வந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டாக்டர் நல்ல மனிதர், இளையவர். "அய்யா, இன்னைக்கு என்ன கிழமைங்க?" என்று ஆரம்பித்தார்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ராணுவ எண்ணைச் சொன்னார். பதவியைச் சொன்னார். பெயரைச் சொன்னார். நிறுத்திக்கொண்டார்.

"சரிங்க அய்யா. நாம இப்ப எந்த ஊர்ல இருக்கோம்?"

எண், பதவி, பெயர்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

எண், பதவி, பெயர். குரல் கூடவுமில்லை, குறையவுமில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்தேன். கடைசியாக டாக்டர் என்னைக் காட்டி, மெதுவாக, "இவரு யாருங்க அய்யா?" என்றார்.

அப்பா திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பித் தன் எண்ணையும் பதவியையும் பெயரையும் சொன்னார்.

மறதி நன்றாகவே முற்றியிருக்கும் போல் தெரிகிறது, தனியாக விடாதீர்கள், இன்னொரு முறை கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். ஆரணி பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பாவை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டை எப்படிப் பூட்டுவது, மல்லிகாவிடம் என்ன சொல்வது, சென்னையில் என் மூன்றாம் மாடி வீட்டில் இவரை எப்படி வைத்துக்கொள்வது என்று மனது ஓடிக்கொண்டிருந்தது. பஸ் கண்ணமங்கலம் தாண்டியது.

"அழுவாத. பக்கத்து சீட்டுக்காரன் பாக்கறான்" என்றார் அப்பா.

தூக்கிவாரிப் போட்டது. "அப்பா! அப்ப எல்லாம் தெரியுதா உங்களுக்கு?"

"இன்னா தெரியணும்? வெள்ளிக்கெழம. வேலூரு. காலைல ரெண்டு இட்லி, உன் கையால சட்னி, உப்பு ஜாஸ்தி."

"அப்புறம் ஏம்பா அங்க சொல்லல?"

"கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லி கூட்டிகினு போனே. கண்ணு ஆஸ்பத்திரின்னா சொவத்துல எழுத்து போட்ட அட்ட தொங்கும். அங்க இல்ல. கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தன் இல்ல. பொய் சொல்லி புடிச்சிகினு போயி உக்கார வெச்சி கேள்வி கேட்டா இன்னா சொல்லணும்? நம்பரு, ரேங்கு, பேரு. அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லக் கூடாது. எதிரிகிட்ட மாட்டினா அதான் செய்யணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சரிப்பா. நான் யாருன்னு கேட்டாரே? அதுக்காவது பதில் சொல்லக் கூடாதா?"

"உன்ன எப்பிடிடா சொல்லுவேன்?" என்றார் அப்பா. "நம்ம ஆள காட்டிக் குடுப்பாங்களா?"

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இதை நான் பலரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா வாழ்நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'தொர' என்பார், கோபம் வந்தால் 'டேய்'. ஆகையால் என் பெயர் அன்று அவருக்கு ஞாபகம் இருந்ததா, இல்லை மறந்துபோய் அந்த இடத்தில் சமாளித்தாரா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நானும் தொழில்முறைச் சந்தேகக்காரன். எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். மறந்ததை மறைக்க ஒரு நொடியில் அப்படி ஒரு பொய் சொல்ல முடியுமென்றால், அந்த மூளைக்கு என்ன குறை? மறக்கவில்லை என்றால், பொய் சொல்லி இழுத்துப்போன பிள்ளையையும் 'நம்ம ஆள்' என்று சொல்ல அந்த மனதுக்கு என்ன பெருந்தன்மை? எப்படிப் பார்த்தாலும் தீர்ப்பு அவர் பக்கம்தான் போகிறது.

அக்காவிடம் சொன்னேன். "பஸ்ல தனியா உங்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்? நீயே கட்டி வுடறியா?" என்றார். அதனால் அடுத்த மாதம் அக்காவும் வந்தார். இந்தத் தடவை அப்பாவிடம் நேராகச் சொன்னேன், "மறதி டாக்டருப்பா. உங்களுக்கு மறதி இருக்குதான்னு பாக்கணும்." "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கிளம்பினார். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சிலது தப்பு. மாதத்தைத் தப்பாகச் சொன்னார். டாக்டர் ஞாபகம் வைத்துச் சொல்லச் சொன்ன வார்த்தைகளில் சிலதை விட்டுவிட்டார். தினம் ஒரு வார்த்தை சொல்லி வீட்டையே ஆண்டவர், விட்டுப்போன வார்த்தையைத் தேடி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மறதி இருக்கிறது, ஆனால் முன்பு பயந்த அளவுக்கு இல்லை, கூட ஒருவர் இருந்தால் பழகின வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அதுதான் அவருக்கு நல்லது என்றார் டாக்டர்.

கூட ஒருவர் என்றதும் அக்கா என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். டாக்டருக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும், அவரும் என்னைப் பார்த்தார்.

அப்பாவைச் சென்னைக்குக் கடத்தப் போனவன், மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஆரணிக்குக் கைதியாக வந்து சேர்ந்தேன். என் மனைவி, "உங்களுக்கும் யாராவது கேள்வி கேக்கட்டும்" என்று மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார். அதன் பிறகு அப்பா ஆரணியை விட்டு எங்கும் போகவில்லை. வாக்கிங் போனோம். சண்டை போட்டோம். கியாஸ் கொண்டுவந்தவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து சந்தேகப்பட்டோம். சில நாள் என்னை அவருடைய தம்பி என்று நினைத்துக்கொண்டு, கிணற்று மேட்டில் மாடு நிற்கிறதா என்று கேட்பார். நிற்கிறது என்பேன். "நல்லா பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்பேன்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் சேர்த்து, கொஞ்சம் தேறியதும் அவர் விருப்பப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைசி நாள் மத்தியானம் அக்கா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன எதுக்கு பாத்துகினு இருக்கறே? அந்தப் பக்கம் திரும்பு. வாசல பாரு" என்றார்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தேன்.

"தூங்கிட மாட்டியே?"

"மாட்டேம்பா."

"யாராவது வந்தா?"

"கேக்கறேம்பா."

எனக்குப் பின்னால் கட்டில் அசைந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், அப்பா வாசலைப் பார்த்துத்தான் படுப்பார். ஒருக்களித்து, ஒரு கை தலைக்கடியில், கண் கதவின் மேல். காய்ச்சலில்கூட அப்படித்தான். அன்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அவருடைய முதுகுதான் தெரிந்தது. அவ்வளவு நிம்மதியான ஒரு முதுகை நான் பார்த்ததில்லை. மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். அக்கா கஞ்சியோடு வந்து அப்பாவை எழுப்பும்வரை யாரும் வரவில்லை. அப்படித்தான் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்குக் கடைசிவரை வாய்க்கு ருசியாகக் கொடுத்து, அவருடைய எல்லா வார்த்தைகளையும் நினைவில் வைத்திருந்த மல்லிகாவுக்கும், அன்று தறிகளை நிறுத்திவிட்டு வந்த எங்கள் தெருவுக்கும், பொறுமையாகக் கேட்டுப் பொறுமையாகச் சொன்ன டாக்டருக்கும், நடக்க முடியாத வயதிலும் தொப்பி அணிந்து வந்து, நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்த அவருடைய பழைய ராணுவ நண்பர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்த உறவினர் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னை நம்பாமல் இந்தக் கட்டுரையை இருமுறை திருத்திய அக்காவுக்கும்.

கடைசியாக அப்பாவுக்கு. யாருக்கும் காட்டாத முதுகை என் பக்கம் காட்டித் தூங்கியதற்கு.